அயோடினிலிருந்து கடோலினியத்திற்கு: சிறுநீரக நோயாளர்களும் மாறுபாட்டு ஊடகப் பாதுகாப்பும்

ஆய்வுச்சுருக்கம்

அயோடின் கலந்த மாறுபாட்டு ஊடகம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அச்சமே, சிறுநீரக நோயாளர்களுக்குக் கடோலினியத்தை மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கக் காரணமாயிற்று. அத்தேர்வின் விளைவாக, அதற்குமுன் மருத்துவம் அறிந்திராத ஒரு நோய் தோன்றியது. அந்நோயின் காரணம் கண்டறியப்பட்ட முறையையும், முதல் அச்சத்திற்கு அடிப்படையாக இருந்த சான்றின் வலுவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மாறுபாட்டு ஊடகம், கடோலினியம், சிறுநீரகச் செயலிழப்பு, அழற்சி, இழைநார்ப்பெருக்கம்.

முன்னுரை

மருத்துவமனை வழக்கில் 'காண்ட்ராஸ்ட்' எனப்படும் மாறுபாட்டு ஊடகம் நோயைத் தீர்க்கும் மருந்தன்று. நோயைக் காட்டும் பொருள். எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு தெரியும். குருதிக்குழாயும் சிறுநீர்ப்பாதையும் தெரியா. கதிரைத் தடுக்கும் ஒரு கனமான தனிமத்தை உடலுக்குள் செலுத்தினால் அவையும் புலப்படும். 1923ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மேகநோய்க்காகச் சோடியம் அயோடைடு பெற்ற நோயாளர்களின் சிறுநீர்ப்பை படத்தில் தெரிவதை ஆஸ்பர்ன் குழுவினர் பதிவு செய்தனர். 1929இல் அமெரிக்க மருத்துவர் மோசஸ் சுவிக், ஜெர்மனியில் பணியாற்றியபோது 'யூரோசெலக்டான்' என்ற அயோடின் சேர்மத்தைச் சிரைவழிச் செலுத்திச் சிறுநீர்ப்பாதையைப் படமாக்கினார். அதன் பெருமை யாருக்குரியது என்பதில் அவருக்கும் பெர்லின் பேராசிரியர் லிக்டன்பர்க்கிற்கும் இடையே எழுந்த பிணக்கு தனிக் கட்டுரைக்குரியது.

இவ்வூடகங்கள் உடலைவிட்டு வெளியேறும் வாயில் சிறுநீரகமே. ஆகவே அவ்வுறுப்பு பழுதுபட்டவர்களுக்கு இவை ஏற்றவையா என்ற வினா தொடக்கத்திலிருந்தே உடன்வந்தது.

அயோடினைப் பற்றிய அச்சம்

1954இல் பார்ட்டெல்ஸ் முதலியோர், மைலோமா என்னும் எலும்புமச்சைப் புற்றுநோயாளர் ஒருவருக்குச் சிரைவழி ஊடகம் செலுத்திய பின் சிறுநீர் அடியோடு நின்றுபோனதை வெளியிட்டனர். அடுத்த இருபதாண்டுகளில் இத்தகைய குறிப்புகள் பெருகின. அக்கால ஊடகங்களின் சவ்வூடுபரவல் செறிவு குருதியினுடையதைப் போல ஐந்து முதல் எட்டு மடங்காக இருந்தது. குழாய்க்குள் செலுத்தும்போது நோயாளர் எரிச்சலால் துடித்தனர். சுவீடனைச் சேர்ந்த கதிரியல் மருத்துவர் டார்ஸ்டன் ஆல்மென், உப்புக் குறைந்த பால்டிக் கடலில் கண்ணைத் திறந்து நீந்தினால் எரிவதில்லை, உப்பு மிகுந்த மேற்குக் கடலில் எரிகிறது என்ற தம் அனுபவத்தை இதனோடு பொருத்திப் பார்த்தார். அயனியாகப் பிரியாத அயோடின் சேர்மங்களுக்கான அவரது முன்மொழிவு 1969இல் வெளிவந்தது. அதை நார்வே நாட்டு நிறுவனம் ஒன்று மருந்தாக்கியது.

ஊடகம் மென்மையானது, அச்சம் மென்மையாகவில்லை. ஊடகம் செலுத்தி இரண்டு மூன்று நாட்களுக்குள் கிரியேட்டினின் 25 விழுக்காடோ, டெசிலிட்டருக்கு 0.5 மில்லிகிராமோ உயர்ந்தால் அது 'ஊடகத்தால் விளைந்த சிறுநீரகப் பாதிப்பு' என வரையறுக்கப்பட்டது. ஊடகமே பெறாத ஒருவருக்கும் அதே கால அளவில் கிரியேட்டினின் உயரக்கூடுமா என்ற கேள்வியை இவ்வரையறை எழுப்பவில்லை. பெரும்பாலான தொடக்க ஆய்வுகளில் கட்டுப்பாட்டுக் குழு இல்லை. இக்குறையின் விளைவைக் கீழே காணலாம்.

புகலிடமாக வந்த உலோகம்

1988இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 'மேக்னவிஸ்ட்' என்ற கடோலினிய ஊடகத்திற்கு ஒப்புதல் அளித்தது. அணு எண் 64 உடைய கடோலினியம், தன் அயனியில் ஏழு இணையற்ற எலக்ட்ரான்களைக் கொண்டது. எனவே காந்த ஒத்ததிர்வுப் படத்தில் அது சேர்ந்த இடம் ஒளிர்கிறது. தனி அயனியாக அது நஞ்சு. கால்சிய அயனியோடு ஏறத்தாழ ஒத்த அளவுடையதாதலின், உடலில் கால்சியம் செய்யும் வேலைகளுக்குள் புகுந்து குலைக்கிறது. ஆகவே அதனைக் கொடுக்கிணைப்பு ஈனி ஒன்றால் பற்றிப் பிடித்தே செலுத்த வேண்டும்.

அப்பிடியில்தான் வேறுபாடு இருந்தது. சில சேர்மங்களில் ஈனி திறந்த சங்கிலியாக உலோகத்தைச் சுற்றுகிறது. சிலவற்றில் மூடிய வளையமாக அதனைச் சிறைப்படுத்துகிறது. 1993இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற 'ஆம்னிஸ்கான்' சங்கிலி வகையைச் சார்ந்தது. நழுவும் உலோகத்தைப் பிடிக்க அதன் கரைசலில் உபரி ஈனியும் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் பிடி தளர்வானது என்பதற்கு அதுவே போதிய குறிப்பு.

நலமுள்ளவரின் உடலில் இவ்வூடகத்தின் அரைவாழ்வு ஒன்றரை மணி நேரமளவே. அதற்குள் ஈனி உலோகத்தை விடுவதற்கு வாய்ப்புக் குறைவு. கடும் சிறுநீரகச் செயலிழப்பில் அரைவாழ்வு முப்பது மணி நேரத்தையும் கடக்கிறது. ஆனால் 1990களில் மருத்துவர்கள் நோக்கியது கிரியேட்டினினை மட்டுமே. கடோலினியத்திற்குப் பின் அது உயரவில்லை. எனவே சிறுநீரக நோயாளர்க்கு ஏற்ற ஊடகம் இதுவே என முடிவு செய்யப்பட்டது. குருதிக்குழாய்ப் படங்களுக்கு வழக்கமான அளவின் இரண்டு மூன்று மடங்கும் செலுத்தப்பட்டது. யாருக்கு இவ்வுலோகம் நெடுநேரம் தங்குமோ, அவர்களுக்கே அது மிகுதியாக வழங்கப்பட்டது.

பெயரில்லா நோயும் அதன் காரணமும்

1997இல் கலிபோர்னியாவில் டயாலிசிஸ் பெறுவோர் சிலரின் கைகால் தோல் தடித்து இறுகத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு ஷான் கௌப்பர் குழுவினர் பதினைந்து நோயாளர்களின் விவரத்தை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். மூட்டுகள் மடங்கிய நிலையில் இறுகிச் சிலர் சக்கர நாற்காலிக்கு ஆளாயினர். இதயம், நுரையீரல், உதரவிதானம் ஆகியவற்றிலும் இழைநார் பரவுவது பின்னர்த் தெரிந்ததால், தோல்நோய் எனப்பட்டது 'சிறுநீரகஞ்சார் முழுவுடல் இழைநார்ப்பெருக்கம்' எனப் பெயர் மாறியது. நோயுற்ற திசுவில் குருதியோட்டத்திலிருந்து வந்த நாராக்கச் செல்கள் நிறைந்திருந்தன. காயம் ஆறும்போது திரளும் செல்கள், காயமே இல்லாத இடத்தில் வேலையைத் தொடங்கிவிட்டன.

காரணத்தைத் தேடுவதில் ஆறாண்டுகள் கழிந்தன. தாமதத்திற்குக் காரணம் மருத்துவமனையின் அமைப்பிலேயே இருந்தது எனலாம். படம் எடுப்பது ஒரு துறை, டயாலிசிஸ் வேறொரு துறை, தோலைப் பரிசோதிப்பது மூன்றாவது துறை. மாறுபாட்டு ஊடகத்தை எவரும் மருந்தாக எண்ணி மருந்துப் பட்டியலில் எழுதும் வழக்கமில்லை. படத்திற்கும் தோல் இறுகுவதற்கும் இடையே பல வாரங்கள் கடந்திருந்தன.

2006 ஜனவரியில் ஆஸ்திரிய மருத்துவர் தாமஸ் குரோப்னர், கடோலினியம் பெற்ற தம் ஒன்பது நோயாளர்களுள் ஐவருக்கு இந்நோய் கண்டதை வெளியிட்டார். அக்கட்டுரை குறிப்பிட்ட ஊடகத்தின் பெயர் தவறு; உண்மையில் செலுத்தப்பட்டது கடோடயமைடு, அதாவது ஆம்னிஸ்கான், எனப் பின்னர்த் திருத்தம் வந்தது. வரலாற்றை மாற்றிய கட்டுரையிலேயே ஊடகத்தின் பெயர் பிழைபட்டது, அப்பதிவுகள் எவ்வளவு பொருட்படுத்தப்படாமல் இருந்தன என்பதைக் காட்டுகிறது. அதே ஆண்டு டென்மார்க்கில் பீட்டர் மார்க்மன் குழுவினர் ஆராய்ந்த பதின்மூன்று நோயாளர்களும் கடோடயமைடு பெற்றவர்களே. அடுத்த ஆண்டு நோயாளர்களின் தோல் திசுவிலேயே கடோலினியம் கண்டறியப்பட்டது.

ஊடகம் பெற்ற டயாலிசிஸ் நோயாளர் அனைவருக்கும் இந்நோய் வரவில்லை. செலுத்திய மொத்த அளவும் ஈனியின் வகையும் இதில் முதன்மையானவை. அண்மையில் நடந்த குருதிக்குழாய் அறுவை, குருதியுறைவு, தொற்று முதலிய அழற்சி நிலைகள் துணைக்காரணங்களாகக் கருதப்பட்டன. அழற்சியுள்ள திசுவில் நாராக்கச் செல்கள் எளிதில் கூடும் என்பது இதற்கான விளக்கம்.

2007 மே மாதம் அமெரிக்க நிருவாகம் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 2010இல் மூன்று சங்கிலி வகை ஊடகங்கள் கடும் சிறுநீரக நோயாளர்க்கு விலக்கப்பட்டன. ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் அவற்றின் சிரைவழிப் பயன்பாட்டையே நிறுத்தியது. புதிய நோயாளர்கள் ஏறக்குறைய அற்றுப்போயினர். ஏற்கெனவே இறுகிய உடல்களுக்கு உறுதியான சிகிச்சை கிட்டவில்லை.

முதல் அச்சத்தின் மறுவாசிப்பு

இந்நிலையில் பழைய கேள்வி திரும்பியது. 2008இல் நியூஹவுஸ் குழுவினர், ஊடகம் எதுவும் பெறாத 32,161 மருத்துவமனை நோயாளர்களின் கிரியேட்டினின் பதிவுகளை ஆராய்ந்தனர். பாதிக்கும் மேற்பட்டோரிடம் அது 25 விழுக்காடேனும் மாறியிருந்தது. நோயின் இயல்பான ஏற்றத்தாழ்வே பல இடங்களில் ஊடகத்தின் குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது இதனால் புலனாயிற்று. 2017இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 660 பேரிடம் நிகழ்ந்த சமவாய்ப்பு ஆய்வு, மிதமான சிறுநீரகக் குறைபாடுடையோர்க்குச் சிரைவழி உப்புநீர்த் தடுப்பு இன்றியும் தீங்கு மிகவில்லை எனக் கண்டது. 2020இல் அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் இணைந்து, இவ்வபாயம் மிகைப்படுத்தப்பட்டிருந்தது என அறிவித்தன. கடும் செயலிழப்பில் எச்சரிக்கை வேண்டும் என்பதை அவ்வறிக்கை கைவிடவில்லை. அபாயம் இல்லவேயில்லை என்று இதனைப் படிப்பது பிழை.

கடோலினியத்தின் கதையும் இதே பாதையில் சென்றது. 2007க்குப் பின் எல்லாக் கடோலினியமும் நஞ்சென ஒதுக்கப்பட்டதால், தேவைப்பட்ட படம் மறுக்கப்பட்ட நோயாளர்களும் உண்டு. 2020இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, முற்றிய சிறுநீரக நோயாளர்க்கு உறுதியான பிடியுடைய ஊடகங்கள் செலுத்தப்பட்ட 4,931 நேர்வுகளில் இழைநார்ப்பெருக்கம் ஒன்றுகூட இல்லை எனக் காட்டியது.

ஆயினும் உலோகம் முற்றிலும் வெளியேறுகிறது என்று கொள்ள இயலாது. 2014இல் ஜப்பானியரான டொமொனோரி காண்டா குழுவினர், பலமுறை ஊடகம் பெற்றோரின் மூளையில் சில பகுதிகள் ஊடகமின்றியே ஒளிர்வதை வெளியிட்டனர். அது தங்கிய கடோலினியமே எனப் பிணத்திசு ஆய்வுகள் அடுத்த ஆண்டு காட்டின. அவ்வாறு தங்குவதால் நோய் விளைவதாக இதுவரை நிறுவப்படவில்லை. 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கடோபிக்லெனால், வளைய வகை ஈனியுடன், வழக்கமான அளவில் பாதியே செலுத்தப்படுகிறது.