டால்பின் பெயரில் ஒரு லைப்ரரி

அமேசான் மேகத்தில் இருக்கும் டேட்டாபேஸை பைத்தானிலிருந்து இயக்க போட்டோ3 லைப்ரரியை இம்போர்ட் செய்கிறோமே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? ஸ்டூடியோ போட்டோ இல்லைங்க, அமேசான் நதியின் நன்னீர் டால்பின்!

2006-ல் மிட்ச் கர்னாட் என்பவர் 'போட்டோ'வை எழுதத் தொடங்கினார். அப்போது அவர் அமேசான் ஊழியர்கூட இல்லை. போட்டோ3 வந்தது 2015-ல்.

2009 அக்டோபரில் அமேசானின் ஆர்.டி.எஸ். சேவை மைஎஸ்க்யூஎல்லுடன் அறிமுகமானது. அதற்கு முன் சர்வர் பிடித்து, இன்ஸ்டால் செய்து, பேக்கப் எடுக்க ஓர் ஆள் வேண்டும். இப்போது ஒரே வரி நிரல் போதும். ஆனால் அழிக்கவும் ஒரே வரிதான்!

அழிக்கச் சொன்னால், கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பெயர் கேட்கும், தராவிட்டால் எரர். 'ஸ்கிப் ஃபைனல் ஸ்னாப்ஷாட்' என்பதை ட்ரூ ஆக்கினால் கேட்காது. எரர் தொல்லை தாங்காமல் நானும் ட்ரூ போட்டேன். டெஸ்ட் டேட்டாபேஸ் என்று நினைத்தது ப்ராஜெக்ட் டேட்டாபேஸாம். தானாக எடுத்து வைத்திருந்த பேக்கப்புகளும் கூடவே போயின. மூன்று வார உழைப்பு காலி :(

இதைத் தடுக்கும் 'டெலிஷன் ப்ரொடெக்ஷன்' 2018 செப்டம்பரில்தான் ஆர்.டி.எஸ்.ஸுக்கு வந்தது. அதுவும் நிரலில் உருவாக்கும்போது நாமே ட்ரூ என்று கொடுத்தால்தான் உண்டு. புது டேட்டாபேஸுக்குக் கொடுத்துவிட்டேன். டேட்டாவை மறுபடி ஏற்றும் வேலை, வேறு யார், என் தலையில்தான்!