ஆக்கியோர் மறைந்தும் அழியாத ஊர்தி: கண்டியில் மொறிஸ் மைனர்

ஒரு பொருளைச் செய்த தொழிற்சாலை மூடப்படின் அப்பொருளின் மதிப்பும் வீழும் என்பது வணிகத்தின் பொதுநியதி. பழுதுற்றால் மாற்றுறுப்புக் கிடையாது. விற்க முனைந்தால் கொள்வார் இலர். இந்நியதியை மீறிக் கண்டி மலைப்பாதைகளில் இன்றும் ஓடிக் கைமாறிவருவது மொறிஸ் மைனர் என்னும் சிறு கார். இதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

அலெக் இசிகோனிஸ் வகுத்த இவ்வூர்தி 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது; ஏறத்தாழப் பதினாறு இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டபின் 1971இல் உற்பத்தி நின்றது. மொறிஸ் நிறுவனம் 1952இல் ஒஸ்ரினோடு இணைந்து, 1968இல் பிரித்தானிய லேலண்டினுள் அடங்கிற்று. 1980களில் மொறிஸ் என்னும் பெயரும் வழக்கொழிந்தது. வழித்தோன்றலாகிய எம்.ஜி. றோவர் 2005இல் வீழ்ந்தது.

ஆக்கியோர் தளர்ந்த அக்காலத்திலேயே இலங்கையில் அதன் மதிப்பு உயர்ந்தது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியாற் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. புதியது வாராத நாட்டிற் பழையதே செல்வமாயிற்று. 1977இன் பின் யப்பானிய வண்டிகள் பெருகின. எனினும் 2020 மார்ச்சில் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. எனவே பழைய காரின் விலையை உற்பத்தியாளர் அன்றி, அரசின் திறைசேரியே பெரிதும் நிருணயித்தது எனலாம்.

ஆயினும் தட்டுப்பாடு மட்டும் ஓர் இயந்திரத்தை ஓட்டாது. 1952 முதல் மைனரில் அமைந்த இயந்திரத்தின் இனமே ஒஸ்ரின், மினி முதலிய கார்களிலும் இருந்தமையால், ஒன்றன் உறுப்பு மற்றொன்றுக்கு உதவிற்று. அமைப்பும் எளிது: கைக்கருவி கொண்டே கழற்றிப் பூட்டலாம். வாங்குவோன் பார்க்கவேண்டியவை அடித்தகட்டின் துருவும் முன்சில்லைத் தாங்கும் மரையிணைப்புமே; பசையிடாது தேய்ந்த இணைப்பு கழன்றாற் சில்லு மடிந்துவிடும். கடுகண்ணாவை இறக்கத்தில் அதன் பொருள் யாதெனச் சொல்லவேண்டுவதில்லை. 1990களில் மைனரின் உடற்றகடுகள் இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. வாங்கியோர் நாடே ஆக்கியோர் நாட்டுக்கு உறுப்பு வழங்கிய விந்தை இது.

இவ்வண்டியின் இலக்கத்தகடும் ஒரு சாசனமே. ஆங்கில எழுத்துடையது முந்தியது. 1957இற் சிங்கள ‘ஸ்ரீ’ புகுத்தப்பட, தமிழர் அதனை எதிர்த்துக் கிளர்ந்தனர். எத்தனை கை மாறினும் தகட்டின் எழுத்து அவ்வரலாற்றைச் சுமந்து செல்கின்றது.

கண்டி வீதியிற் கிரிபத்கும்புறையிலுள்ள நெடுஞ்சாலை அருங்காட்சியகத்தில் பழைய நீராவி உருளைகள் ஓய்ந்து நிற்கின்றன. அவ்வழியே மைனர் ஓடிச்செல்கின்றது. இவ்விரண்டையும் வேறுபடுத்துவது பட்டறைத் தொழிலாளரின் கைத்திறனே. அத்திறன் ஏட்டில் ஏறாதது. கற்றோன் மறைந்தால் உடன் மறைவது. தொழிற்சாலை மூடியதால் அழியாத வண்டி, பட்டறை மூடினால் அழியும். கல்வெட்டைப் படியெடுக்கும் மாணாக்கர் இக்கைவினையையும் கேட்டு எழுதிவைத்தல் கடனாகும்.