நத்தார் மேசையும் நம்ம கரையும்

டிசம்பர் பிறந்தால் சிலாபம் முதல் கற்பிட்டி வரை கத்தோலிக்க வீடுகளில் மேசைக்குத் தனி மரியாதை வந்துவிடும். வெள்ளை விரிப்பு, நடுவில் கேக், பக்கத்தில் கொக்கிஸ், ஒரு சீப்பு வாழைப்பழம், பூச்சாடி. வரலாறு படிப்பிக்கிற ஆள் என்பதால், எனக்கு அந்த மேசை நாலு நூற்றாண்டுகளை ஒன்றாகப் பரப்பி வைத்த மாதிரித் தெரியும்.

முதலில் சொற்களைப் பாருங்கள். நத்தார் என்பதே போர்த்துக்கேயரின் 'நத்தால்'. மேசை, கதிரை, அலுமாரி, துவாய், பாண் எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. ஆனால் மேசையின் லாச்சி ஒல்லாந்துச் சொல். 'மேசை பறங்கியன் தந்தது, லாச்சி ஒல்லாந்தன் பூட்டியது' என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், மறக்கமாட்டார்கள். கொக்கிஸும் ஒல்லாந்துப் பெயர்தான். இன்று அது சிங்களப் புத்தாண்டுப் பலகாரமாகவே ஆகிவிட்டது. நம்ம பக்கம் விருந்தென்றால் பாய் விரித்து, ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர். சஹன் அரபுச் சொல். ஆகவே, யார் வீட்டு விருந்தும் முழுக்க உள்ளூர்ச் சொல்லால் ஆனதில்லை.

இந்தக் கரையில் நத்தார் விருந்தை ஒளித்துவைக்க வேண்டியிருந்த காலமும் இருந்தது. ஒல்லாந்தர் 1658இல், கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். கற்பிட்டிக் கோட்டையைக் கட்டியவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் சீர்திருத்த சபையினர். ஒரே வேதத்தை வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் வேட்டையாடிய காலம் அது. 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் ரகசியமாக யாழ்ப்பாணம் வந்தார். 1689 நத்தார் இரவில் அங்கே பூசைக்குக் கூடியிருந்த வீடுகளில் ஒல்லாந்துப் படையினர் புகுந்து பலரைப் பிடித்தார்கள். அடிகளார் தப்பினார்.

தப்பியவர் அடுத்த வருடம் வந்து சேர்ந்த இடம் நம்ம புத்தளம். ஏன் புத்தளம்? அது கண்டி அரசரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது, ஒல்லாந்தரின் கட்டளை இங்கே செல்லாது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது இடம் கொடுத்தவரும் கண்டி மன்னர் செனரத்தான். அதாவது கத்தோலிக்கப் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களும், ஒல்லாந்தர் விரட்டிய கத்தோலிக்கரும் ஒதுங்கியது ஒரே கூரையின் கீழ். அந்தக் கூரை ஒரு பௌத்த அரசருடையது. இதைப் பாடப்புத்தகத்தில் இரண்டு தனித்தனி அத்தியாயங்களாகப் போட்டிருக்கிறார்கள். சேர்த்துப் படிப்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நீங்கியது ஆங்கிலேயர் காலத்தில், 1806இல். அலங்காரங்கள் பிறகுதான் வந்தன. லண்டனில் டொம் ஸ்மித் என்ற மிட்டாய் வியாபாரி 1840களில் 'கிராக்கர்' செய்தார். 1848இல் விக்டோரியா மகாராணி குடும்பத்தின் நத்தார் மரப்படம் பத்திரிகையில் வந்தது. நாம் பழங்காலத்து வழக்கம் என்று நினைப்பவற்றில் பாதி இப்படிக் கப்பலில் வந்தவை.

கேக் மட்டும் வேறு கதை. ஆங்கிலேயரின் பழக் கேக் இலங்கைக்கு வந்து, ரவையும் கஜுவும் பூசினித் தோசியும் ஏலமும் ரோஸ் பன்னீரும் சேர்ந்து இன்னொன்றாக மாறிவிட்டது. கஜு பிரேசிலிலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்த மரம், இன்று நம்ம மாவட்டத்து மணலில் நன்றாகக் காய்க்கிறது. பன்னீர் வடிக்கும் கலை அரபு, பாரசீக நாடுகளிலிருந்து வந்தது. ஆகவே அந்தத் துண்டில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று உரிமையோடு சொல்லலாம். பிரண்டியைத் தவிர!

அந்தப் பிரண்டிக்கும் வழி வைத்திருந்தார்கள். முஸ்லிம் வீடுகளுக்கு அனுப்ப பிரண்டி சேர்க்காமல் ஒரு தட்டு தனியாகச் சுடுவார்கள். விருந்துக்குக் கோழி என்றால், அறுக்க நம்ம ஆளைக் கூப்பிடுவார்கள். யாரும் சட்டம் போட்டு நடந்ததல்ல இது.

2019 ஏப்ரல் 21 வந்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம் உட்பட பல இடங்களில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொன்னார்கள். மே மாதம் சிலாபத்தில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன; கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தச்சர் கொல்லப்பட்டார். அந்த வருட நத்தாருக்கு எங்கள் தெருவில் தட்டுகள் வரவில்லை. நாமும் எதிர்பார்க்கவில்லை. அதற்கு முந்திய நோன்புப் பெருநாளுக்கு நாமே வட்டிலப்பம் அனுப்பத் தயங்கியிருந்தோம். கோபத்தைவிடப் பயமும் வெட்கமும்தான் கூட.

மறுபடி தொடங்கியது பெண்களால். கூட்டம் இல்லை, படம் எடுக்க ஆள் இல்லை, மேடையில் கைகோர்த்து நிற்கவும் இல்லை. வேலிக்கு மேலால் ஒரு பீங்கான் வந்தது, மேலே லேஞ்சி மூடியிருந்தது. 'இது உங்களுக்கெண்டே சுட்டது, மற்றது போடல' என்று மட்டும் சொன்னாராம். வெறும் பீங்கானைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. உம்மா அதில் கொஞ்சம் சீனி போட்டுக் கொடுத்தனுப்பினார்.