உடைந்த பாலத்தடியில் ஒரு மூச்சு

வடக்கே ஸ்ரீனிவாசபுரம், தெற்கே ஊரூர் குப்பம். நடுவே அடையாறு முகத்துவாரத்தில் அலை உடைந்து நுரைக்கும்போது, கொஞ்சம் ஆக்சிஜன் கடல்நீரில் கரைகிறது. கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். சென்னைச் சூட்டில் கடல்நீர் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று மேலே தாங்கினால் அதிகம்.

ஏற்றத்தோடு அது ஆற்றுக்குள் நுழைகிறது. 1967இல் கட்டி 1977இல் இடிந்துபோன பாலத்தைத் தாண்டினால் எதிரே சாக்கடை நீர். கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் அந்த ஆக்சிஜனில் கைவைத்துவிடுகின்றன. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்கள் ஓடிவிடும். சேற்றில் வளை போட்டுக் குடியிருக்கும் புழு எங்கே ஓடும்?

தப்பி வந்த ஆக்சிஜன் தானாகச் சேற்றில் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அதற்குக் கீழே கருஞ்சேறு. அடையாற்றைக் கடக்கும் திரு.வி.க. பாலத்தில் பஸ் ஜன்னலை மூடவைக்கும் அழுகிய முட்டை வாடை இப்படிப்பட்ட சேற்றில் பிறப்பதுதான். ஆனால் வற்றத்தின்போது ஒரு சேற்றுக்கட்டியை எடுத்துப் பிட்டுப் பாருங்கள். கறுப்புக்கு நடுவே நூல் நுழையும் துளை, அதைச் சுற்றித் துரு நிறத்தில் ஒரு வளையம். ஆக்சிஜன் அவ்வளவு ஆழம் வந்து, சேற்றிலிருந்த இரும்பைத் துருவாக்கிய தடம் அது. புழு உடம்பை நெளித்து நெளித்து நீரை உள்ளே இழுத்திருக்கிறது.

வந்ததை வாங்கிக்கொள்வது நமக்கிருப்பது போன்ற ஹீமோகுளோபின்தான். நம்முடைய மூலக்கூறு ஒன்று நான்கு ஆக்சிஜனைச் சுமக்கும். ஐரோப்பியக் கரைகளில் தூண்டிலுக்காகத் தோண்டும் அரெனிகோலா புழுவின் ராட்சத மூலக்கூறோ 150க்கு மேல் சுமக்கும். மாசடைந்த கழிமுகங்களில் முதல் ஆளாய்க் குடியேறும் கேபிடெல்லாவுக்கு அந்த வசதி கிடையாது. நூல்போல மெலிந்த சிவப்புப் புழு, செவுள்கூட இல்லை. தோலாலேயே உறிஞ்சி, சிவப்பணுக்களில் வைத்துக்கொள்கிறது. அது மொய்த்துக் கிடந்தால் ஆறு பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது; மற்றவை காலி செய்த வீட்டில்தான் அது பெருகும்.

மண்திட்டு வளர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் வரத்து நிற்கிறது. இப்படிப்பட்ட நாட்களில் சேற்றுப்புழுக்கள் நெளிவதைக் குறைத்துக்கொள்ளும். சேமித்த கிளைகோஜனை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துப் பொழுதை ஓட்டும். நாம் மூச்சிரைக்க ஓடினால் தசையில் லாக்டிக் அமிலம் சேரும். பல புழுக்கள் சக்சினிக் அமிலம் வழியாகப் போகின்றன; அதே சர்க்கரையில் இன்னும் கொஞ்சம் சக்தி தேறுகிறது. சிக்கனம் தெரிந்த குடித்தனம். என்றாலும் கையிருப்பு சில நாளைக்குத்தான்.

பிறகு பொக்லைன் வந்து திட்டை வெட்டும். இல்லை, ஐப்பசி கார்த்திகை வெள்ளமே உடைத்துக்கொண்டு போகும். கடல் மறுபடி உடைந்த பாலத்தடிக்கு ஏறி வரும். பிழைத்த புழுக்களின் துளை வாயில், சேற்றுத் தூசி லேசாக உள்ளே இழுபடும்.