தலைக்கு ஒரு ஓமர்

அச்சுவேலியில் வளர்ந்த எங்களுக்குச் சந்நிதி எண்டால் முதலில் ஞாபகம் வாறது சோறுதான். தொண்டைமானாற்றுக் கரையில் இருக்கும் செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் எண்டே பேர். 'அவன் படியளப்பான்' என்பது எங்கட வீடுகளில் அன்றாடப் பேச்சு. இந்தப் படியளப்பை யூதர்களின் வழிபாட்டில் கண்டபோது கொஞ்சம் திகைத்துப்போனோம்.

யாத்திராகமம் 16ஆம் அதிகாரம். எகிப்தில் அடிமைகளாக இருந்து வெளியேறியவர்களுக்குப் பாலைநிலத்தில் மன்னா கிடைக்கிறது. தலைக்கு ஒரு ஓமர். ஓமர் என்பதும் ஒரு படிதான். மறுநாளைக்கு எடுத்து வைத்தால் புழுத்துவிடும். வெள்ளிக்கிழமை மட்டும் இரட்டிப்பு. ஓய்வுநாள் மேசையில் இரண்டு அப்பம் வைப்பது அந்த நினைவில்தான். யோசேப்பு காரோ எழுதி 1565இல் வெனிசில் அச்சான யூதச் சட்டநூல், இப்பகுதியைத் தினமும் வாசிப்பது நல்லது என்கிறது. 1815இல் மறைந்த ரிமனோவ் ஊர் ரப்பி மெண்டலின் பேரில் இன்னொரு வழக்கமும் உண்டு: ஆண்டில் ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை இதை வாசித்தால் பிழைப்புக்குக் குறைவராதாம். சேர்த்து வைக்காதே எண்டு சொல்லும் கதையே சேர்ப்பதற்கு மந்திரமானது எங்களுக்குக் கொஞ்சம் வேடிக்கைதான்.

தல்மூத் ஒரு கேள்வி கேட்கிறது. வருசத்துக்கு ஒருக்கால் மொத்தமாகத் தந்திருக்கலாமே? ரப்பி சிமியோனின் பதில் இது: அரசன் ஒருவன் மகனுக்கு வருசப்படி குடுத்தான், மகன் வருசத்தில் ஒருநாள்தான் முகம் காட்டினான், நாட்படியாக்கினான், மகன் தினமும் வந்தான். அதோடு விடவில்லை. நாலைந்து பிள்ளைக்காரன் 'நாளைக்கு விழாட்டில் பிள்ளையள் பட்டினியே' எண்டு ஏங்கியதையும் சொல்கிறார். நம்பிக்கையைப் பேசும் இடத்தில் அந்தப் பயத்தை மறைக்காததுதான் எங்களைப் பிடித்தது.

அந்தப் பயம் எங்கட ஊருக்கும் தெரியும். 1995 ஒக்டோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நெல்லு மூட்டையும் கட்டித் தூக்கிய வெங்காயமும் வீட்டோடு நிண்டுவிட்டன. பிறகு நிவாரண வரிசைதான். அந்த அரிசியிலும் உலை வைக்க முதல் ஒரு பிடியைச் சந்நிதிக்கு எண்டு புறம்பாக எடுத்து வைத்ததாக எங்களில் ஒருவரின் அம்மம்மா சொல்லுவா.

சந்நிதிக்குக் கொண்டுபோய்க் குடுத்தீங்களோ எண்டு கேட்டோம்.

"எங்க போறது? பக்கத்துக் கொட்டிலில் ஒரு பிள்ளைக்காரி இருந்தவ. அவவுக்குக் குடுத்தன்."