பெனடிக்டின் மடாதிபதி: ஒரு பதவியின் வரலாறு

மேற்கு ஐரோப்பாவின் துறவிமடங்களில் மடாதிபதி எப்படி இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்தது ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதப்பட்ட ஒரு சிறிய விதிநூல். எழுதியவர் நூர்சியா ஊரில் சுமார் 480இல் பிறந்த பெனடிக்ட். தமிழ்க் கத்தோலிக்கர் இவரை ஆசீர்வாதப்பர் என்பர். முன்னுரையும் 73 சிறு அதிகாரங்களும் கொண்ட அந்த நூல் தலைவருக்குத் தரும் அதிகாரம் பெரிது. மடத்துக்குள் அவர் வைத்ததே சட்டம். ஆனால் அந்த அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் யார் பேச்சைக் கேட்க வேண்டும், யார் காலைக் கழுவ வேண்டும், எந்தக் கணக்கைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அதே நூல் விதிக்கிறது. பணிவைப் பெனடிக்ட் பிறவிக் குணமாகக் கருதவில்லை. செய்து செய்து படிய வேண்டிய பழக்கமாகவே கருதினார். அந்தப் பழக்கங்கள் விட்டுப்போன காலங்களையும் மீட்கப்பட்ட காலங்களையும் தொடர்ந்து பார்த்தால் இந்தப் பதவியின் வரலாறு கிடைத்துவிடும்.

பெனடிக்ட் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 476இல், மேற்கு ரோமப் பேரரசு முடிவுக்கு வந்திருந்தது. படிப்பதற்காக ரோமுக்குப் போன இளைஞர் அந்த நகர வாழ்க்கை பிடிக்காமல் வெளியேறினார். சுபியாக்கோ மலைக்குகையில் மூன்று ஆண்டு தனித்திருந்தார். அவருடைய பெயர் பரவவே, பக்கத்து மடத்துத் துறவிகள் தங்களுக்குத் தலைவராக வரும்படி வற்புறுத்தினார்கள். போனார்; அவருடைய கண்டிப்பு அவர்களுக்குத் தாங்கவில்லை; திராட்சை மதுவில் நஞ்சு கலந்தார்கள். அவர் சிலுவை அடையாளம் இட்டதும் கிண்ணம் உடைந்ததாகச் சொல்கிறார், இந்த வரலாற்றை 590களில் எழுதிய திருத்தந்தை முதலாம் கிரகோரி. அற்புதத்தை ஒதுக்கிவைத்தாலும் கதையில் ஒரு செய்தி மிஞ்சுகிறது: பெனடிக்டின் முதல் தலைமை தோல்வியில் முடிந்தது. தங்கள் போக்குக்கு ஏற்ற தலைவரைத் தேடிக்கொள்ளும்படி சொல்லிவிட்டு அவர் குகைக்கே திரும்பினார். பிறகு சுபியாக்கோவில் பன்னிரண்டு சிறு மடங்களை அமைத்தார். சுமார் 529இல் மோன்தே கசீனோ மலைமேல் ஏறிக் கடைசிவரை அங்கேயே இருந்தார். விதிநூல் பிறந்தது அங்கேதான். அடக்குமுறையில் இறங்காத, அதே சமயம் தளர்ந்தும் போகாத ஒரு தலைமையை அந்த நூல் தேடுவதற்கு அந்த நஞ்சுக் கிண்ணமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

நூல் முழுவதும் அவருடைய சொந்தச் சரக்கு அன்று. ‘ஆசானின் விதி’ என்று அறியப்படும், எழுதியவர் பெயர் தெரியாத, இதைவிட நீளமான ஒரு நூலிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டார். அவர் எதை மாற்றினார் என்பதில்தான் அவருடைய மனம் தெரிகிறது. ஆசானின் மடத்தில் அடுத்த தலைவரை இருக்கும் தலைவரே தேர்ந்தெடுப்பார்; அந்த இடத்துக்காகத் துறவிகள் ஒருவரையொருவர் ஒழுக்கத்தில் முந்தப் பார்க்க வேண்டும். பணிவில் போட்டி போட்டு முதலிடம் பிடிப்பது என்பதில் உள்ள வேடிக்கை ஆசானுக்குத் தெரியவில்லை போலும். பெனடிக்ட் இதை அடியோடு எடுத்துவிட்டார். மடத்தில் ஒருவருடைய வரிசை அவர் உள்ளே வந்த நேரத்தைப் பொறுத்தது. வயதும் குலமும் கணக்கில் வராது. மடாதிபதியைத் துறவிகளே தேர்ந்தெடுப்பார்கள். வரிசையில் கடைசி ஆளாக இருந்தாலும் தகுதியும் ஞானமும் இருந்தால் அவர் தலைவராகலாம்.

பெரிய விஷயம் எதுவானாலும் மடத்தார் அனைவரையும் கூட்டி, தலைவரே விஷயத்தை எடுத்துச்சொல்லி, எல்லோர் கருத்தையும் கேட்டபிறகுதான் முடிவெடுக்க வேண்டும் என்கிறது மூன்றாம் அதிகாரம். நல்ல வழியைக் கடவுள் பல சமயம் இளையவர்க்கே காட்டுகிறார் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். சின்ன விஷயங்களுக்கு மூத்தவர்கள் போதும். வாக்கெடுப்பு கிடையாது; முடிவு தலைவருடையது. ஆனால் கேட்காமல் முடிவெடுக்க வழியில்லை. வேறொரு அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வெளியூரிலிருந்து வந்து தங்கும் துறவி மடத்தின் நடைமுறையில் ஏதாவது குறை சொன்னால், இதற்காகவே இறைவன் அவரை அனுப்பியிருக்கலாமோ என்று தலைவர் எண்ணிப்பார்க்க வேண்டுமாம். விருந்தாளி சொல்லும் குறையைக் காதுகொடுத்துக் கேட்கும் வீடே அரிது. அதை விதியாகவே எழுதிவைத்த நிறுவனம் அதைவிட அரிது.

சமையல் வேலை வாரமுறைப்படி எல்லோருக்கும் வரும். நோயாளிகளும் முக்கியமான வேறு பணியில் இருப்பவர்களும் விலக்குப் பெறலாம்; பெரிய மடமானால் களஞ்சியப் பொறுப்பாளருக்கும் விலக்கு உண்டு. மடாதிபதியைப் பெயர் சொல்லி நூல் விலக்கவில்லை. முறை முடிப்பவர் சனிக்கிழமை துண்டுகளைத் துவைத்துப் பாத்திரங்களைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும். அவரும் அடுத்த முறைக்காரரும் சேர்ந்து எல்லோர் பாதங்களையும் கழுவுவார்கள். விருந்தினர் வந்தால் கைகழுவத் தண்ணீர் ஊற்றுவது மடாதிபதியின் வேலை. பாதம் கழுவும்போது மடத்தார் எல்லோரோடும் அவரும் குனிய வேண்டும். மடத்தின் கருவிகள், துணிமணிகளின் பட்டியல் அவர் கையில் இருக்கும்; எது யாரிடம் போனது, எது திரும்பி வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தண்டிப்பதில்தான் நூல் மிகவும் நுட்பமாகிறது. துருவை மிதமிஞ்சிச் சுரண்டினால் பாத்திரமே உடையும் என்ற உவமையோடு தலைவரை அது எச்சரிக்கிறது. ஒருவருக்குக் கடிந்த சொல் வேண்டும், இன்னொருவருக்கு இதமான சொல் வேண்டும். ஆளறிந்து நடப்பது தலைவரின் கடமை. தண்டனை பெற்றுத் தனியே ஒதுங்கிக் கிடப்பவரிடம் முதிர்ந்த துறவிகளை ஓசையின்றி அனுப்பித் தேற்றச் சொல்கிறது. பதற்றம், பிடிவாதம், பொறாமை, சந்தேகம் எல்லாம் தலைவருக்கு ஆகாதவை. இவை உள்ளவருக்கு ஒருநாளும் நிம்மதி இருக்காது என்று நடைமுறைக் காரணமும் சொல்லப்படுகிறது.

இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட நூலில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. மடாதிபதிக்கு மேலே தினமும் கணக்குக் கேட்க மனிதர் யாரும் இல்லை. தன் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் ஆன்மாவுக்கும் இறுதித் தீர்ப்பில் பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சமே அவரைக் கட்டுப்படுத்தும் என்று பெனடிக்ட் நம்பினார். தவறான ஒருவரை மடத்தார் கூடிப்பேசித் தேர்ந்தெடுத்தால் மட்டும் ஆயரும் அக்கம்பக்கத்து மடாதிபதிகளும் தலையிடலாம். இரண்டாவது ஓட்டை சாப்பாட்டு மேசை. மடாதிபதி விருந்தினரோடும் யாத்திரிகரோடும் உண்ண வேண்டும் என்றது நூல். உபசாரத்துக்காகச் சொன்ன இந்த வரிதான் பிற்காலத்தில் தலைவருக்குத் தனிப் பந்தியைக் கொண்டுவந்தது.

பெனடிக்ட் இறந்து சில பத்தாண்டுகளில் லொம்பார்டியர் மோன்தே கசீனோவை அழித்தார்கள். துறவிகள் ரோமுக்கு ஓடினார்கள். நூல் மட்டும் பரவிக்கொண்டே போனது. பிராங்கியப் பேரரசின் எல்லா மடங்களுக்கும் அதையே விதியாக்க, பேரரசர் லூயி 816-817இல் ஆகனில் மாமன்றங்களைக் கூட்டினார். உணவிலும் உறக்கத்திலும் வேலையிலும் மடாதிபதி மற்றத் துறவிகளைப்போலவே இருக்க வேண்டும் என்று அங்கே எழுதவேண்டியிருந்தது. எழுதவேண்டியிருந்தது என்றாலே நடப்பு வேறாக இருந்தது என்று பொருள். அதையடுத்த சில ஆண்டுகளில் வரையப்பட்டு, இன்றும் சுவிட்சர்லாந்தில் உள்ள சாங்க்ட் காலன் மடவரைபடம் இதை உறுதிப்படுத்துகிறது. அதில் மடாதிபதிக்குத் தனி வீடு, தனிச் சமையலறை, தனிக் குளியலறை எல்லாம் இடம்பெற்றிருக்கின்றன.

910இல் பிரான்சில் தொடங்கிய க்ளூனி மடம் மடாதிபதியின் பெருமையை உச்சத்துக்குக் கொண்டுபோனது. 1049 முதல் 1109 வரை அறுபது ஆண்டு மடாதிபதியாக இருந்த ஹியூ தனிப்பட்ட முறையில் எளியவர், அன்பானவர். ஆனால் நூற்றுக்கணக்கான மடங்கள் ஒரே மடாதிபதிக்குக் கட்டுப்பட்ட அமைப்பில் ஒவ்வொரு துறவியையும் அறிந்து நடத்துவது எப்படி முடியும்?

இதற்குப் பதிலாக எழுந்தது சிஸ்டர்சியன் இயக்கம். 1098இல் பிரான்சின் சித்தோவில் தொடங்கிய இந்தத் துறவிகள், 1119இல் திருத்தந்தை ஒப்புதல் தந்த ‘அன்பின் சாசனம்’ மூலம் முதல் ஓட்டையை அடைத்தார்கள். ஒவ்வொரு மடாதிபதியும் தன் மடத்திலிருந்து பிறந்த கிளைமடங்களுக்கு ஆண்டுதோறும் நேரில் போய்ப் பார்வையிடுவார். ஆனால் அவற்றிடம் காசு வாங்கக் கூடாது. ஆண்டுக்கொருமுறை எல்லா மடாதிபதிகளும் சித்தோவில் கூடுவார்கள். அங்கே அவர்கள் குற்றம் சாட்டப்படலாம், திருத்தப்படலாம், கடைசியில் பதவியிலிருந்தும் இறக்கப்படலாம். தாய்மடமான சித்தோவின் தலைவருக்கும் விலக்கில்லை. கிளைமடத் தலைவர்கள் வந்து அவரைப் பார்வையிடுவார்கள். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் மற்ற மடங்களும் மூன்றாண்டுக்கொருமுறை இப்படிக் கூட வேண்டும் என்று ஆணையிட்டது. தலைவரின் பணிவு அவருடைய மனச்சாட்சிக்கு விட்ட விஷயமாக இருந்தது போய், சக தலைவர்கள் சோதிக்கும் விஷயமாக ஆனது. பதவியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

ஒரு மடாதிபதியின் அன்றாட நடையை மிக நெருக்கத்தில் காட்டும் இடைக்கால ஆவணம் இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தில் எழுதப்பட்டது. அங்கிருந்த ஜோசலின் என்ற துறவி, 1182இல் மடாதிபதியான சாம்சனின் ஆட்சியைத் தன் குறிப்பேட்டில் பதிவுசெய்தார். அந்த மடத்தின் முந்தைய தலைவர் ஹியூ (க்ளூனியின் ஹியூ அல்லர்) நல்ல மனிதர், ஆனால் கணக்குவழக்கில் கண் வைக்காதவர். பொறுப்பாளர் ஒவ்வொருவரும் தனி முத்திரை வைத்துக்கொண்டு வட்டிக்கு வாங்கினார்கள். கடன் மலையாகக் குவிந்தது. சாம்சன் வந்ததும் எல்லா முத்திரைகளையும் ஒப்படைக்கச் சொன்னார். முப்பதுக்கும் மேற்பட்டவை சேர்ந்தன. ஒவ்வோர் ஊரிலிருந்தும் மடத்துக்கு என்ன வரவேண்டும் என்று முழுப் பதிவேடு எழுதவைத்துக் கடனைத் தீர்த்தார். உள்ளூர் மக்களுக்குத் தன் சொந்த நார்ஃபோக் வட்டாரப் பேச்சிலேயே மறையுரை ஆற்றினார். சாப்பாட்டைக் குறைசொல்லும் துறவிகளை அவருக்குக் கண்டாலே ஆகாது. இந்தப் பதவியின் பாரம் முன்பே தெரிந்திருந்தால் நூலறைக் காப்பாளராகவே இருந்திருப்பேன் என்ற கருத்தில் நெருங்கியவர்களிடம் புலம்புவார். செந்நிறத் தாடி, தேர்தல் முடிந்த பதினான்கு ஆண்டுக்குள் பஞ்சாக வெளுத்துவிட்டதாம்.

ஜோசலின் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை. சாம்சன் கோபக்காரர், கேட்பார், பிறகு நினைத்ததையே செய்வார். வாயிற்காவலர் ஒருவரைப் பற்றிய தகராறில் துறவிகள் எதிர்த்துநிற்க, சிலரை விலக்கிவைத்துவிட்டு ஊரைவிட்டே போனார். பிறகு திரும்பிவந்து, அழுது, எல்லோரையும் முத்தமிட்டுச் சமாதானமானார். 1190இல் மன்னரின் ஆணை பெற்று ஊரிலிருந்த யூதர்களை வெளியேற்றியதும் அவர்தான். ஜோசலின் அதைச் சாதனை வரிசையில் சேர்க்கிறார். இன்று படிப்பவர் அப்படிச் சேர்க்க முடியாது. மடத்துக்குள் நீதியோடு நடந்தவரின் நீதி மதில்சுவருக்கு வெளியே போகவில்லை.

அடுத்து வந்த நூற்றாண்டுகளில் பதவியைக் கெடுத்தது அரசர்களும் திருத்தந்தையர்களும் செய்த ஏற்பாடு. மடத்தில் வாழாத, துறவியே அல்லாத ஒருவருக்கு மடாதிபதிப் பட்டமும் வருமானமும் போய்ச்சேர்ந்தன. மீண்டும் எழுந்திருந்த மோன்தே கசீனோவே பதினைந்தாம் நூற்றாண்டில் இந்த நிலைக்கு வந்தது. பிரான்சில் 1516ஆம் ஆண்டு உடன்படிக்கை, மடாதிபதிகளை நியமிக்கும் உரிமையை மன்னர் முதலாம் பிரான்சுவாவுக்குத் தந்தது. ரிஷ்லியூ, மஸரேன் ஆகிய முதலமைச்சர்கள் க்ளூனியின் மடாதிபதிகளாக இருந்தார்கள். அவர்கள் யார் காலையும் கழுவியதாகத் தகவல் இல்லை. இதே முறையில் சிறுவயதிலேயே பல மடங்களின் வருமானத்தைப் பெற்ற ரான்சே என்பவர் மட்டும் எதிர்த்திசையில் நடந்தார். மற்ற மடங்களைத் துறந்து, தனக்குச் சேர்ந்த லா திராப் மடத்தில் தானே துறவியாகி, 1664இல் உண்மையான மடாதிபதியானார். டிராப்பிஸ்ட் துறவிகளின் கடும் ஒழுக்கம் அங்கிருந்து வளர்ந்தது.

இத்தாலியில் கண்ட தீர்வு வேறு. பதுவா நகரின் புனித ஜுஸ்தினா மடத்தில் 1409இல் பொறுப்பேற்ற லுதோவீக்கோ பார்போ, ஆயுட்காலப் பதவியையே எடுத்துவிட்டார். பல மடங்கள் சேர்ந்த சபையின் ஆண்டுப் பேரவையே தலைவர்களை நியமித்தது. மாறிக்கொண்டே இருக்கும் தலைவரின் பட்டத்தை வெளியார் யாருக்கும் தானமாகத் தூக்கிக்கொடுக்க முடியவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோன்தே கசீனோவும் இதில் சேர்ந்தது. பெனடிக்ட் நினைத்த நிலையான தந்தை என்ற உருவம் இதனால் தேய்ந்தது, மடங்கள் பிழைத்தன.

இங்கிலாந்தில் 1536-40இல் எட்டாம் ஹென்றியும், பிரான்சில் 1790இல் புரட்சி அரசும் மடங்களைக் கலைத்தார்கள். 1833இல் பிரான்சின் சொலேமில் தொடங்கிய துறவு மறுமலர்ச்சி ஐரோப்பா முழுவதும் பரவியது. இலங்கைக்கு இந்த விதி அதற்குச் சற்றுப் பின்பு வந்தது: பெனடிக்டின் விதியைப் பின்பற்றும் சில்வெஸ்திரின் சபைத் துறவிகள் 1845இல் அங்கே வந்தார்கள். குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில், பிரெஞ்சுக்காரர்களான ஜூல் மோன்ஷனேனும் பெனடிக்ட் சபைத் துறவி ஆன்ரி லெ சோவும் 1950இல் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். பெனடிக்டின் விதியை இந்தியத் துறவு மரபோடு இணைத்து வாழ்வது அவர்கள் நோக்கம். 1968இல் அங்கே பொறுப்பேற்ற பீட் கிரிஃபித்ஸும் பெனடிக்ட் சபைத் துறவியே.

இதற்கிடையே இரண்டாம் உலகப் போரின்போது, 1944 பிப்ரவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் மோன்தே கசீனோவைத் தரைமட்டமாக்கின. நான்காம் இந்தியப் படைப்பிரிவு அந்த மலைக்காகப் போரிட்டுக்கொண்டிருந்தது. எண்பதை நெருங்கிய மடாதிபதி கிரகோரியோ தியாமாரே, இடிபாட்டில் தங்கியிருந்த அகதிகளோடு கடைசிவரை இருந்து, பிழைத்தவர்களைத் தானே முன்னின்று மலையிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார். மடம் மறுபடி கட்டப்பட்டு 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுலால் அர்ச்சிக்கப்பட்டது.

ஆயுட்காலப் பதவி இன்று பல சபைகளில் இல்லை. இங்கிலாந்துச் சபையில் மடாதிபதியின் காலம் எட்டு ஆண்டுகள். அது முடிந்தபின் மடத்தார் மறுபடி கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள்.