நெஞ்சுவலி ஆய்வுகளில் போலிச் சிகிச்சையின் இடம்

படி ஏறும்போது வந்து, நின்றதும் தணிகிற நிலையான நெஞ்சுவலிக்கு ஒரு சிகிச்சை பயன்படுகிறதா என்பதை, போலிச் சிகிச்சை பெற்ற குழுவோடு ஒப்பிடாமல் தீர்மானிக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். மாரடைப்பு இதில் சேராது. அங்கே இரத்தக்கட்டி தமனியைத் திடீரென அடைக்கிறது. இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் மடிகிறது. தமனியைப் பலூனால் விரித்து அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியை உடனே செய்வது உயிர் காக்கும் என்பதில் ஐயமில்லை. நிலையான நெஞ்சுவலியில் அப்படியல்ல. 2,287 பேரை ஆராய்ந்த கரேஜ் (2007), 5,179 பேரை ஆராய்ந்த இஸ்கீமியா (2020) ஆகிய இரண்டிலுமே, நல்ல மருந்துச் சிகிச்சையோடு அடைப்பு நீக்கத்தையும் சேர்த்தது இறப்பைக் குறைக்கவில்லை. ஆகவே மிஞ்சுவது வலி நிவாரணம். வலியோ நோயாளி சொல்லித்தான் தெரியும். சிகிச்சைமேல் அவர் வைத்த நம்பிக்கையும் அந்தச் சொல்லில் கலந்துவிடும்.

எவ்வளவு கலக்கும் என்பதற்கு 1950களின் அமெரிக்காவில் சான்று இருக்கிறது. மார்பெலும்பின் இருபுறமும் ஓடும் உள்மார்புத் தமனிகளைக் கட்டிவிட்டால், இரத்தம் இதயத்தின் பக்கம் திரும்பும் என்று நம்பி ஓர் அறுவை பரவியது. செய்துகொண்ட பலரும் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். 1959இல் லியோனார்ட் காப் குழுவினர் அதை 17 பேரிடம் சோதித்தனர். தோலைக் கீறி, தமனியைச் சுற்றி நூலைத் தளர்வாகப் போட்ட பிறகே அறுவை மருத்துவரிடம் ஓர் உறை தரப்பட்டது. அதில் உள்ளபடி அவர் முடிச்சை இறுக்குவார், அல்லது தமனியைக் கட்டாமலே தையல் போட்டு முடிப்பார். இரு குழுவினருக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. மறு ஆண்டு கிரே டைமண்ட் குழுவினர் 18 பேரிடம் நடத்திய ஆய்வும் அதையே காட்ட, அந்த அறுவை வழக்கொழிந்தது. ஆனால் போலி அறுவைக்கும் வாய்ப்புண்டு என்பதை காப் குழு நோயாளிகளிடம் சொல்லவில்லை. அது அநீதி.

இத்தனைக்குப் பிறகும், 1977இல் வந்த ஆஞ்சியோபிளாஸ்டியை நாற்பது ஆண்டுகள் இவ்வாறு யாரும் சோதிக்காதது வருத்தத்துக்குரியது. 1992இன் ஏக்மி ஆய்வில் பலூன் சிகிச்சை பெற்றவர்கள், மருந்து மட்டும் பெற்றவர்களைவிட ட்ரெட்மில்லில் 96 வினாடி அதிகம் முன்னேறினார்கள். ஆனால் தனக்கு எந்தச் சிகிச்சை என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ரஷா அல்-லமி குழு 2017இல் வெளியிட்ட ஆர்பிட்டா ஆய்வில் அதை மறைத்தார்கள். ஒரே தமனியில் கடும் அடைப்புள்ள 200 பேருக்கு ஆறு வாரம் மருந்துகளைச் சீராக்கி, பிறகு மயக்கமருந்து கொடுத்து, காதில் இசை ஒலிக்க, 105 பேருக்கு, தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தார்கள். 95 பேருக்குத் தமனிக்குள் கம்பியை மட்டும் செலுத்தி, ஸ்டென்ட் வைக்காமல் விட்டார்கள். வார்டில் கவனித்தவர்களுக்கும் யார் எவர் என்று தெரியாது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது ட்ரெட்மில் வித்தியாசம் 16.6 வினாடிதான். தற்செயலாகவும் வரக்கூடிய அளவு அது.

ஸ்டென்ட் வைக்காமல் தமனிக்குள் கம்பி செலுத்துவது அறமா என்ற கேள்வி நியாயமானது. போலிக் குழுவிலேயே நால்வருக்கு அந்தக் கம்பியால் சிக்கல் நேர்ந்தது. ஆயினும் இவர்கள் எல்லாம் அறிந்து ஒப்புதல் தந்தவர்கள். ஆறு வாரம் முடிந்ததும் ஸ்டென்ட் வைத்துக்கொள்ளும் வாய்ப்பும் இருந்தது. சோதிக்கப்படாத பலனை நம்பி, அதே ஆபத்தை உலகெங்கும் நோயாளிகள்மேல் ஏற்றுவதே எனக்குப் பெரிய அறக்குறையாகப் படுகிறது.

ஆர்பிட்டா ஸ்டென்டுக்கு எதிரான ஏற்பாடு என்றவர்களுக்கு 2023இல் விடை கிடைத்தது. அதில் மருந்துகளே வலியை வெகுவாகத் தணித்திருந்தன. ஆகவே ஆர்பிட்டா-2இல், 301 பேருக்கும் நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு அதே முறையில் சோதித்தார்கள். இம்முறை ஸ்டென்ட் தெளிவாக வென்றது. பன்னிரண்டாம் வாரத்தில் ஸ்டென்ட் குழுவில் சுமார் 40 சதவீதத்தினரும், போலிக் குழுவில் சுமார் 15 சதவீதத்தினரும் வலியின்றி இருந்தனர். ஸ்டென்ட் வைத்தும் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலி ஏதோ ஓர் அளவில் நீடித்தது. ஒப்புதல் படிவத்தை நீட்டும் மருத்துவர், கையெழுத்துக்கு முன்பே இந்த எண்களை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.